பன்னுக்கு மாறியதும் பெட்டர்-எஸ்கியூலைட்3 விழுந்தால்

நோட், பன் இரண்டும் ஜாவாஸ்கிரிப்டைப் பிரவுசருக்கு வெளியே ஓட்டும் மென்பொருள்கள். நோடில் ஒழுங்காக ஓடிய பெட்டர்-எஸ்கியூலைட்3 (எஸ்கியூலைட் டேட்டாபேஸைக் கையாளும் பேக்கேஜ்), பன்னில் ஏற்றும்போதே விழுகிறது என்கிறீர்கள். நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை நாலு தடவை அழித்து நிறுவியும் பயனில்லை, இருக்கவும் இருக்காது. கோளாறு உங்கள் கோடில் இல்லை.

அந்தப் பேக்கேஜின் அடியில் இருக்கும் சி++, குரோமின் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினான வி8-ஓடு நேரடியாகப் பேசும்படி எழுதியது. நோடும் அதைப் போன்ற டெனோவும் வி8 மேல் ஓடுகின்றன. பன் ஓடுவது சஃபாரியின் எஞ்சினான ஜாவாஸ்கிரிப்ட்கோர் மேல். சாவி ஒன்று, பூட்டு வேறு. நோட்-ஏபிஐ என்ற பொது இடைமுகம் வழியாக எழுதிய நேட்டிவ் பேக்கேஜ்கள் (சி++ போன்ற மொழியில் எழுதிய பகுதி உள்ளவை) எஞ்சினைச் சாராதவை, அதனால் பெரும்பாலும் இந்தத் தொல்லை தராது.

பேசாமல் பன்னோடு கூடவே வரும் எஸ்கியூலைட் மாட்யூலுக்கு மாறிவிடுங்கள். பிரிப்பேர், கெட், ஆல், ரன் எல்லாம் அதே பெயர்தான். இரண்டு இடத்தில் கால் இடறும். டேட்டாபேஸ் அமைப்புகளை மாற்றும் பிராக்மா மெத்தட் கிடையாது. அதை ரன்னுக்குள் எஸ்கியூஎல்லாகவே கொடுங்கள். அடுத்தது பெயரிட்ட பாராமீட்டர்கள், அதாவது எஸ்கியூஎல்லில் மதிப்பு வரவேண்டிய இடத்தில் எழுதும் $name போன்ற பெயர்கள்: டேட்டாபேஸைத் திறக்கும்போது ஸ்ட்ரிக்ட் ஆப்ஷனை ட்ரூ ஆக்காவிட்டால், ஆப்ஜெக்ட் கீயிலும் எஸ்கியூஎல்லில் உள்ள அதே முன்குறியை ($, : அல்லது @) சேர்த்தே எழுத வேண்டும். மறந்தால் எரர் வராது, சத்தமில்லாமல் நல் (null, வெற்று மதிப்பு) போய் உட்காரும். நான் அரைநாள் தொலைத்தது அங்கேதான்.