கிரிமினல் கேஸ்ல விடுதலை ஆயிட்டேன், போலீஸ் வேலை திரும்ப கிடைக்குமா?

கேள்வி (சுருக்கமா): 1998ல ஆயுதப்படையில சேர்ந்தேன். 2018ல டூட்டி இல்லாத ஒரு ராத்திரி கடைத்தெருவுல தகராறு, கடைக்காரரை அடிச்சேன்னு கேஸ். 3(பி) சார்ஜ் (பெரிய தண்டனைக்கான துறை நடவடிக்கை) போட்டு 2019ல டிஸ்மிஸ், டிஐஜி கிட்ட போட்ட அப்பீலும் தள்ளுபடி. 2023ல கோர்ட் விடுதலை பண்ணிடுச்சு. அதுலேருந்து டிஜிபி, உள்துறை, முதல்வர் தனிப்பிரிவுன்னு மனு போட்டுக்கிட்டே இருக்கேன். எல்லாத்துக்கும் காரணம் இன்ஸ்பெக்டர் என் மேல வச்சிருந்த பகைதான், என் பேட்ச் ஆள் ஒருத்தர் இதைவிட பெரிய தப்பு பண்ணிட்டு வேலையில இருக்கார். ஹைகோர்ட் போனா முழு சம்பளத்தோட வேலை கிடைக்குமா?

பதில்: இன்ஸ்பெக்டரை விட்டுடுங்க. அவரை பேர் சொல்லி பார்ட்டியா சேர்த்து, கையில ஆதாரமும் வச்சிருந்தாதான் பகைங்கிற வாதத்தையே கோர்ட் காது குடுத்து கேக்கும். பேட்ச் ஆள் கதையும் வேணாம், ஒரே சம்பவத்துல ரெண்டு பேரும் இருந்தாதான் அது பாயிண்ட்.

இதுல சட்டப்படி முக்கியமானது ஒண்ணே ஒண்ணு, நீங்க எப்படி விடுதலை ஆனீங்கங்கிறது. நீங்க அனுப்பின தீர்ப்புல கடைக்காரரும் அவர் தம்பியும் பிறழ் சாட்சி ஆயிட்டாங்க, அதனால சந்தேகத்தின் பலனை குடுத்து விடுதலைன்னு தெளிவா எழுதியிருக்கு. இது உங்களுக்கு நல்ல செய்தி இல்ல. தென்காசி பஸ் ஸ்டாண்டுல 1999ல நடந்த ஈவ் டீசிங் விவகாரத்துல ஒரு ஹெட் கான்ஸ்டபிளை டிஸ்மிஸ் பண்ணாங்க, புகார் குடுத்தவங்க கோர்ட்ல பல்டி அடிச்சு அவரும் விடுதலை ஆனார், ஹைகோர்ட் டிஸ்மிஸை ரத்து கூட பண்ணிடுச்சு, ஆனா டிபார்ட்மென்ட் விடாம சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2012 நவம்பர்ல டிஸ்மிஸ் சரிதான்னு வாங்கிட்டாங்க. சம்பவம் நடந்து 13 வருஷம். கடைசியில வேலையும் இல்ல, சம்பளமும் இல்ல.

ராஜஸ்தான் கான்ஸ்டபிளுக்கு 2023 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் 50 சதவீத சம்பளத்தோட வேலை குடுத்த தீர்ப்பை உங்க ஏரியா ஆளுங்க எல்லாரும் வாட்ஸ்அப்ல அனுப்பியிருப்பாங்க. அவர் கேஸ்ல சாட்சிங்களை முழுசா விசாரிச்சு குற்றச்சாட்டே நிக்கலன்னு வந்துச்சு, துறை விசாரணையிலயும் அதே சார்ஜ், அதே சாட்சியம்தான். உங்க கேஸ் அப்படி இல்ல.

இப்போ எனக்கு உண்மையா பயமா இருக்கிற விஷயத்துக்கு வரேன், இந்த மனு போடுற பழக்கம். என்கிட்ட வர்ற டிஸ்மிஸ் ஆன போலீஸ்காரங்கள்ல பாதி பேர் இதுலதான் விழுந்து கிடக்கிறாங்க. ரிட்டுக்கு, அதாவது அரசு உத்தரவை எதிர்த்து ஹைகோர்ட்ல போடுற வழக்குக்கு, இத்தனை நாள்னு சட்டத்துல கெடு எதுவும் இல்லதான், ஆனா தாமதம்ங்கிற ஒரே காரணத்துக்காக கோர்ட் வெளிய அனுப்பலாம், நீங்க போட்ட மனு எதுவும் அந்த தாமதத்தை சரி பண்ணாது. டிஐஜி அப்பீலை தள்ளின அன்னைக்கே ரிட் போட்டிருக்கணும், கிரிமினல் கேஸ் முடியட்டும்னு யாரோ சொன்னாங்கன்னு உக்காந்துட்டீங்க. இதைவிட மோசம், சில பேர் ஹைகோர்ட் போய் "என் மனுவை பரிசீலிக்க உத்தரவு போடுங்க"ன்னு மட்டும் கேக்கிறாங்க, கோர்ட்டும் பரிசீலிங்கன்னு ரெண்டு வரி ஆர்டர் போடும், டிபார்ட்மென்ட் பரிசீலிச்சு ஒரு பக்கத்துல நிராகரிக்கும், அதை காட்டி புதுசா கணக்கு ஆரம்பிச்சுடலாம்னு நினைக்கிறாங்க. முடியாது. செத்துப்போன கோரிக்கைக்கு இப்படி உயிர் குடுக்க முடியாதுன்னு, 1982ல வேலை போய் 2000ல மனு போட்ட ஒருத்தர் வழக்குல சுப்ரீம் கோர்ட் 2008லயே சொல்லிடுச்சு, அதுவும் நம்ம தமிழ்நாட்டுல இருந்து போன வழக்குதான். தயவு செஞ்சு அடுத்த மனுவை போஸ்ட் பண்ணாதீங்க. டிஸ்மிஸ் ஆர்டர், அப்பீல் ஆர்டர் ரெண்டையும் நேரா எதிர்த்து ரிட் போடணும், போன வருஷங்களுக்கு விளக்கமும் சொல்லணும்.

என்கொயரி ரிப்போர்ட் காப்பி தரல அது இதுன்னு நடைமுறை தப்பை மட்டும் பிடிச்சு ஜெயிச்சாலும் வேலை கைக்கு வராது, திரும்ப விசாரிங்கன்னு அனுப்புவாங்க, நீங்க சஸ்பென்ஷன்லதான் இருப்பீங்க. அப்புறம் இந்த வருஷங்கள்ல டிரைவரா, செக்யூரிட்டியா எங்கயாவது சம்பளம் வாங்கியிருந்தா மறைக்காதீங்க. வருமானமே இல்லன்னு நீங்க அஃபிடவிட் போட்டுட்டு, டிபார்ட்மென்ட் உங்க பிஎஃப் கணக்கை கொண்டு வந்து நீட்டினா, வேலை இல்லாம இருந்த காலத்துக்கான பழைய சம்பளம் மட்டும் இல்ல, மொத்த கேஸும் போயிடும்.

நேரடியா சொல்றேன், முழு சம்பளத்தோட வேலைங்கிற ஆசையை விடுங்க. நீங்க 2003 ஏப்ரலுக்கு முன்னாடி சேர்ந்தவர், பழைய பென்ஷன் உண்டு, 20 வருஷத்துக்கு மேல சர்வீஸ் இருக்கு. டிஸ்மிஸ்ல அது மொத்தமும் போச்சு, ஆனா தண்டனையை கட்டாய ஓய்வா குறைச்சா பென்ஷன் வரும், உங்களுக்கு அப்புறம் வீட்டம்மாவுக்கும் வரும். ரிட்லயே மாற்று கோரிக்கையா இதை கேளுங்க, தண்டனை தப்புக்கு மீறினது, அதுக்கு முன்னாடி சர்வீஸ்ல தண்டனை இல்லன்னு (இல்லேன்னா மட்டும்) சொல்லி கேளுங்க. பழைய சம்பளம் வேணாம்னு முதல்லயே எழுதி குடுத்தா டிபார்ட்மென்டுக்கு மேல அப்பீல் போற வேகமும் குறையும். அவங்க பக்கம் வாதாட அரசு வக்கீல் இருக்கார், எத்தனை வருஷம் வேணா இழுக்கலாம், உங்களால முடியாது.

இதுக்கு ஒரே விதிவிலக்கு, துறை நடத்தின ஓரல் என்கொயரியில கடைக்காரர் வந்து உங்களுக்கு எதிரா சொல்லியிருக்காரா இல்லையாங்கிறது. சொல்லியிருந்தா கட்டாய ஓய்வுதான் வழி. அவரை விசாரிக்காமயே, எஃப்ஐஆரை மட்டும் வச்சு மினிட் (விசாரணை அறிக்கை) எழுதியிருந்தா சாட்சியமே இல்லாத தண்டனைன்னு முழுசா சண்டை போடலாம், அப்போ நானும் செட்டில் பண்ண சொல்ல மாட்டேன். அந்த பி.ஆர். ஃபைல்ல (துறை விசாரணை ஃபைல்) சாட்சி வாக்குமூலம் இருக்கிற பக்கங்களை எடுத்துக்கிட்டு இந்த வாரமே ஒரு சர்வீஸ் வக்கீலை பாருங்க.