பென்சிலை வைத்துவிட்டுக் கேமராவை எடுக்கலாமா?

கேள்வி: நான் ஓவியம் பயிலும் இரண்டாம் ஆண்டு மாணவி. கடந்த ஓராண்டாக வரைவதைவிட ஒளிப்படம் எடுப்பதிலேயே மனம் அதிகம் ஈடுபடுகிறது. ஏறத்தாழ 4,000 படங்கள் சேர்ந்துவிட்டன. "வரையப் பொறுமை இல்லாதவர்கள்தாம் கேமராவைத் தேடிப் போவார்கள்" என்று உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். அடுத்த பருவத்தில் என் போர்ட்ஃபோலியோவை, அதாவது என் படைப்புகளின் தொகுப்பை, ஒப்படைக்க வேண்டும். ஓவியங்களையும் ஒளிப்படங்களையும் ஒரே தொகுப்பில் வைத்தால், மனம் ஓரிடத்தில் நிற்காதவள் என்று என்னைப் பற்றி நினைத்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வதற்கு ஒளிப்படத்தின் தொடக்க வரலாற்றிலேயே ஓர் ஆதாரம் உண்டு. ஆனால், அது உங்களுக்குச் சாதகமான ஆதாரம். 1833 அக்டோபரில் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் என்ற ஆங்கிலேயர், எதிரே உள்ள காட்சி தாளின் மீது விழுவதுபோலக் காட்டும் கேமரா லூசிடா என்ற கருவியின் துணையுடன் வரைய முயன்றார். கருவியிலிருந்து கண்ணை எடுத்ததும், தாளில் எஞ்சியிருந்த கோடுகள் அவருக்குப் பெருத்த ஏமாற்றத்தைத் தந்தன. அந்தக் காட்சியே தாளில் தானாகப் பதிந்து நிலைத்துவிட்டால் எப்படியிருக்கும் என்று அவர் அப்போது எண்ணியதன் தொடர்ச்சியாகத்தான், ஒளியும் நிழலும் தலைகீழாகப் பதிந்த ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதிகள் வேண்டுமானாலும் எடுக்கும் முறை உருவானது. வரைய ஆசைப்பட்டு முடியாமல் போன ஒருவரின் ஏக்கத்தை நான் குறையாகக் காணவில்லை. அந்த ஏக்கம் இல்லாதவருக்கு அப்படியொரு எண்ணமே தோன்றியிருக்காது.

நன்றாக வரையத் தெரிந்தவர்களும் கேமராவை நாடியிருக்கிறார்கள். ஜெர்மானியரான பெர்ன்ட் பெஹர் 1950களில் பழைய சுரங்கக் கட்டடங்களை வரைந்துகொண்டிருந்தார். அவர் வரைந்து முடிப்பதற்குள் அவை இடிக்கப்பட்டுக்கொண்டிருந்ததால், நினைவுக்கு உதவட்டும் என்று படம் எடுக்கத் தொடங்கினார். பிறகு, ஒளிப்படப் பயிற்சி பெற்றிருந்த ஹில்லாவுடன் இணைந்து 1959 முதல் பல பத்தாண்டுகள் நீர்த்தொட்டிக் கோபுரங்களையும் இரும்பு உருக்கும் ஊதுலைகளையும் படமெடுத்தார். நிழல் விழாத மேகமூட்டமான வெளிச்சம், நேர்முகமான கோணம், ஒரே வகைக் கட்டடங்களை வரிசையாக அடுக்கிக் காட்டும் முறை என்று அவர்கள் கடைப்பிடித்த ஒழுங்கைப் பார்த்தால், அதில் ஒரு வரைவாளரின் பொறுமை அப்படியே இருப்பது தெரியும். பெர்லினில் தாவர உருவங்களைக் கொண்டு வடிவமைப்புக் கற்பித்த கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட் என்ற ஆசிரியரோ, மாணவர்கள் பார்த்து வரைவதற்காகவே மொட்டுகளையும் தண்டுகளையும் பலமடங்கு பெரிதாக்கிப் படமெடுத்து வந்தார். அந்தப் படங்கள் 1928இல் நூலாக வந்தபோது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. ஓவியம் பயின்ற பிறகு ஒளிப்படத்தில் பெரும்புகழ் பெற்ற ஹென்றி கார்டியர் பிரெஸ்ஸான், வாழ்க்கையின் பிற்பகுதியில் கேமராவைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு வரைவதற்கே திரும்பினார். ஆகவே இந்தப் பாதையில் போகவும் வரவும் முடியும். இன்றே ஒரு பக்கம் சேர்ந்துவிட வேண்டும் என்ற அவசரம் உங்களுக்குத் தேவையில்லை.

இனி உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். ஓவியமும் ஒளிப்படமும் கலந்திருப்பதாலேயே ஒரு தொகுப்பு சிதறிப்போய்விடாது. ஒவ்வொரு பக்கமும் வெவ்வேறு நாட்டம் உடைய ஒருவர் செய்தது போலத் தோன்றினால்தான் அது சிதறியதாகத் தெரியும். உங்கள் 4,000 படங்களிலிருந்து 200 படங்களை, நல்லவை எவை என்று அதிகம் ஆராயாமல், உங்களை மீண்டும் மீண்டும் இழுப்பவை எவையோ அவற்றைத் தேர்ந்தெடுத்துச் சிறிய அளவில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஓவியங்களையும் அதே அளவில் அச்சிட்டு, எல்லாவற்றையும் கலந்து தரையில் பரப்புங்கள். திரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்க்கும்போது கண்ணில் படாத உறவுகள் தரையில் தெரியும். இரண்டு வாரங்கள் அவற்றைக் கலைத்தும் சேர்த்தும் பாருங்கள். ஓவியங்களில் மனிதர்களை முதுகுப்புறமாகவே வரைந்திருப்பதும், ஒளிப்படங்களில் ஆளில்லாத நாற்காலிகளையே எடுத்திருப்பதும் ஒருநாள் உங்களுக்குத் தெரியவரலாம். அப்போது இரண்டும் ஒருவர் இல்லாமையைப் பற்றியவை என்று உங்களுக்கே விளங்கும். அப்படி ஒரு சரடு கிடைத்துவிட்டால் ஓவியத்தையும் ஒளிப்படத்தையும் அச்சமின்றி அருகருகே வையுங்கள். கிடைக்கவில்லையென்றால் தொகுப்பை இரண்டு பகுதிகளாகப் பிரித்துவிடுங்கள். இல்லாத உறவை வலிந்து உண்டாக்க வேண்டாம். பார்ப்பவர்கள் அதை உடனே கண்டுகொள்வார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். நீங்கள் எடுத்த ஒளிப்படத்தைப் பார்த்து வரைந்த ஓவியத்தையும் அந்த ஒளிப்படத்தையும் தொகுப்பில் எதிரெதிர்ப் பக்கங்களில் வைக்காதீர்கள். பார்ப்பவரின் கவனம் முழுவதும் இரண்டையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பதிலேயே போய்விடும். மேலும், அகலக் கோண லென்ஸில் மிக அருகிலிருந்து எடுத்த முகத்தில் மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்வாங்கியும் இருக்கும். நிழல் பகுதிகள் விவரமே இல்லாமல் கருத்துக் கிடக்கும். நேரில் பார்த்து வரைந்தவர் இந்தப் பிழைகளைச் செய்யமாட்டார். இவற்றை அப்படியே ஓவியத்துக்குக் கொண்டுவந்தால், எந்தப் படத்தைப் பார்த்து வரைந்தீர்கள் என்பதை அந்த ஓவியமே சொல்லிவிடும்.

கேள்வி: பிற கலைஞர்களின் போர்ட்ஃபோலியோக்களை நாள்தோறும் பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க என் படைப்புகள் அவர்களுடையதைப் போலவே ஆகிவிடுகின்றன. பார்ப்பதையே நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம், எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு கலைஞரை எடுத்துக்கொண்டு, அவருடைய ஒரு தொடரை முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை அவர் வைத்த வரிசையிலேயே பலமுறை பாருங்கள். நீங்கள் இப்போது படியெடுப்பது அவர்களுடைய தோற்றத்தை, அதாவது அந்த வண்ணச் சாயலையும் மங்கலையும் சட்டக அமைப்பையும். படியெடுக்கத் தகுந்தவை அவர்கள் எடுத்த முடிவுகள். எதைக் காட்டாமல் விட்டார்? ஒரு படத்துக்கு அடுத்ததாக ஏன் இதை வைத்தார்? எங்கே வெற்றுப் பக்கம் விட்டார்? இவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் உங்கள் சொற்களில் எழுதுங்கள். எழுத முடியாத படத்தைச் சிறிய பென்சில் கட்டமாக வரைந்து பாருங்கள். ஓவிய மாணவிக்கு இருக்கும் பெரிய வசதி அது.

விடுவதைப் பற்றிச் சொன்னேன். ஒளிப்படக் கலைஞர் ராபர்ட் ஃப்ராங்க் 1955இலும் 1956இலும் அமெரிக்கா முழுவதும் பயணம் செய்து 767 ஃபிலிம் சுருள்களில் 27,000க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். அவற்றிலிருந்து ஏறத்தாழ ஆயிரத்தை அச்சிட்டுப் பார்த்து, சேர்த்தும் நீக்கியும் கடைசியில் அவர் நூலுக்கென வைத்துக்கொண்டவை 83 மட்டுமே. அந்த நூல் 1958இல் பாரிஸில் வெளிவந்தது. ஏறத்தாழ 300க்கு ஒன்று என்ற இந்தக் கணக்கை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. விடப்பட்டவற்றில் நல்ல படங்கள் நிறைய இருந்திருக்கும். தனியாக நன்றாக இருந்தும் பக்கத்துப் படத்தோடு பேசாத படத்தை எடுத்துவிடுவதற்குத்தான் துணிவு வேண்டும். உங்கள் தொகுப்பிலும் உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு படம் அப்படி வெளியேற வேண்டியிருக்கும்.

கேள்வி: என் ஓவியங்களைக் கைப்பேசியில் படமெடுத்தால் ஓரங்கள் வளைகின்றன, வெள்ளைத் தாள் சாம்பல் நிறமாக வருகிறது, எண்ணெய் வண்ண ஓவியத்தில் பளபளப்பு விழுகிறது. என்ன செய்வது?

பதில்: மூன்றுக்கும் காரணங்கள் வேறு வேறு. ஓரம் வளைவது அகலக் கோண லென்ஸால். கேமரா சாய்ந்திருந்தால் ஓரங்கள் சரிந்தும் தெரியும். ஓவியத்தைச் சுவரில் நேராக மாட்டி, லென்ஸின் மையம் ஓவியத்தின் மையத்துக்கு நேராக வரும்படி முக்காலியில் கேமராவை நிறுத்துங்கள். அருகே போகாமல் பின்னால் தள்ளி நின்று, கைப்பேசியில் இரண்டு மடங்கு காட்டும் லென்ஸ் இருந்தால் அதையும், கேமராவில் 50 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸையும் பயன்படுத்துங்கள். கேமராவில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8 என்று வைத்துக்கொண்டு, கை படாமல் டைமரில் எடுங்கள்.

வெள்ளைத் தாள் சாம்பலாவதற்கு உங்கள் கேமராவின் பழுது காரணமில்லை. கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் ஒளியளவி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்றே கருதி அளவிடுகிறது. ஆகவே பென்சில் ஓவியத்தை எடுக்கும்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு) அளவுக்குக் கூட்ட வேண்டும். வண்ணம் சரியாக வருவதற்கு, முதலில் சாம்பல் நிற அட்டை ஒன்றை ஓவியத்தின் அருகே வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, அதைக் கொண்டு வெண்சமநிலையை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரிவதற்கான அமைப்பை, திருத்துங்கள். ஜன்னல் வெளிச்சத்தையும் மின்விளக்கையும் ஒருபோதும் கலக்காதீர்கள். கலந்த பிறகு எந்த மென்பொருளாலும் அதை முழுமையாகச் சரிசெய்ய முடியாது.

பளபளப்புக்கு, ஒரே மாதிரியான இரண்டு விளக்குகளை இருபுறமும் 45 பாகைக் கோணத்தில், சம தூரத்தில் வையுங்கள். அப்போதும் மின்னினால் விளக்குகளை மேலும் பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள். தடித்த தூரிகைத் தீற்றல்கள் உள்ள ஓவியத்தில் நிழலே இல்லாமல் செய்துவிட்டால் உயிர் போய்விடும் என்பதால், ஒரு விளக்கைச் சற்றே வலுவாக வைப்பது என் வழக்கம். திரையில் காட்டுவதற்கான கோப்பை, பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி (sRGB) வண்ண வெளியில் சேமியுங்கள். அச்சுக்கு, அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருக்கும்படி தனிக் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தொகுப்பில் எத்தனை படைப்புகள் இருக்கலாம்? ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுத வேண்டுமா?

பதில்: கேட்பவர்கள் எண்ணிக்கை குறிப்பிட்டிருந்தால் அதற்கு மேல் ஒன்றுகூட வைக்காதீர்கள். குறிப்பிடாவிட்டால் 15 முதல் 20 போதும். தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு ஆகியவை ஒவ்வொன்றின் கீழும் இருக்கட்டும். திரையில் எல்லாம் ஒரே அளவாகத் தெரிவதால் அளவைக் குறிப்பது மிகவும் அவசியம். விளக்கம் தொடருக்கு ஒரு பத்தி இருந்தால் போதும்.

கேள்வி: என் படங்களிலேயே சிறந்தது, வெளியிடத்தில் தூங்கிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரின் படம். அவருக்கு நான் எடுத்தது தெரியாது. தொகுப்பில் சேர்க்கலாமா?

பதில்: இதை நீங்கள் கேட்டது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் டோரதியா லேங் 1936இல் கலிஃபோர்னியாவில், பட்டாணி பறிக்கும் தொழிலாளர் முகாம் ஒன்றில், குழந்தைகள் தோளில் சாய்ந்திருக்க வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாயைப் படமெடுத்தார். அந்தக் காலத்து வறுமையின் முகமாகவே அந்தப் படம் உலகெங்கும் அறியப்பட்டது. அந்தப் பெண்ணின் பெயரை லேங் கேட்டுக்கொள்ளவில்லை. ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற அவருடைய பெயர் 1978இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தமக்கு எந்தப் பயனும் கிடைக்கவில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. லேங் அரசுப் பணிக்காக, பட்டினியை நாட்டுக்குக் காட்ட வேண்டும் என்ற நோக்கத்தோடு எடுத்த படத்துக்கே இந்த நிலை.

லேங்கின் முன் இருந்த அந்தத் தாய் விழித்திருந்தார். தூங்குபவருக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட வாய்ப்பில்லை. வெளியிடத்தில் எடுத்த படத்தைச் சட்டம் அனுமதிக்கிறதா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். அதைத் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள். சட்டம் அனுமதித்தாலும், அவரை மீண்டும் காண முடியுமானால் அச்சிட்ட பிரதி ஒன்றைக் கையில் கொடுத்து, எங்கே, யாரிடம் காட்டப்போகிறீர்கள் என்று சொல்லிச் சம்மதம் கேளுங்கள். காண முடியாவிட்டால், முகம் தெரியாத வேறொரு படம் அதே வேளையில் எடுத்ததாக உங்களிடம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். மடங்கிய கால்களோ, தலைக்கு வைத்திருந்த பையோ, அருகே கழற்றி வைத்த செருப்போ அதில் இருந்தால், ஆளில்லாத நாற்காலிகளைப் போல அதுவும் உங்கள் தரைப்பரப்பில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடும். அப்படியும் எதுவும் இல்லையென்றால் அந்தப் படத்தைத் தொகுப்பில் சேர்க்காதீர்கள். அதைப் பார்த்து ஓவியம் வரைந்து சேர்ப்பதும் வேண்டாம்.