பழைய டீசல் பிக்கப்பின் கேம் ஷாஃப்டை மாற்றினால் இழுவை கூடுமா?

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து விடியற்காலையில் ஐஸ் பெட்டிகளோடு மீன் ஏற்றிக்கொண்டு மாதவரம், செங்குன்றம் வரை செல்லும் பழைய டீசல் பிக்கப் ஒன்றை வைத்திருக்கிறேன். நான்கு சிலிண்டர், இரண்டரை லிட்டர், டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின். கேம் ஷாஃப்ட் (சுழன்று வால்வுகளைத் திறக்கும் மேடுகள் கொண்ட தண்டு) எஞ்சின் பிளாக்கிலேயே இருந்து, புஷ் ராடு என்னும் நீண்ட கம்பி வழியாக வால்வைத் திறக்கும் வகை. சில காலமாக இழுவை குறைந்துகொண்டே வருகிறது. மூலக்கடை மேம்பாலத்தில் லோடோடு ஏறும்போது இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. டேப்பெட்டை (கேமின் மேல் உட்கார்ந்து புஷ் ராடைத் தள்ளும் சிறு உருளை) இரண்டு முறை சரிசெய்தும் மாற்றம் இல்லை. அமெரிக்காவில் பழைய டீசல் பிக்கப்புகளுக்கு வேறு வகைக் கேம் ஷாஃப்ட் பொருத்திச் சக்தியைக் கூட்டுவதைக் காணொளிகளில் பார்த்தேன். என் வண்டிக்கும் அப்படிச் செய்யலாமா?
- வாசகர், காசிமேடு

பதில்: அந்த வகைக் கேம் ஷாஃப்டை உங்கள் எஞ்சினில் பொருத்த வேண்டாம். ஆனால் கேம் ஷாஃப்ட் மீது உங்களுக்கு எழுந்த சந்தேகம் சரியாகவே இருக்கலாம். டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கர் கைக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) சரியாக வைத்த பிறகும் இழுவை திரும்பவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது, கேம் தேய்ந்திருக்கக்கூடும் என்று என்னை நினைக்க வைக்கிறது. தேய்ந்த கேமை மாற்றுவதும், நல்ல கேமை எடுத்துவிட்டு வேறு வடிவக் கேமைப் போடுவதும் ஒன்றல்ல.

நீங்கள் பார்த்த காணொளிகள் பெரும்பாலும் கம்மின்ஸ் 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பற்றியவையாக இருக்கும். அது 1989-ஆம் ஆண்டு மாடல் முதல் டாட்ஜ் ராம் பிக்கப்புகளில் வந்த டர்போ டீசல் எஞ்சின். 1998 வரை அதன் 12 வால்வு வடிவம் இருந்தது. அதிலும் கேம் ஷாஃப்ட் பிளாக்கில்தான் இருக்கிறது, புஷ் ராடுதான் வால்வைத் திறக்கிறது என்பதால் உங்கள் எஞ்சினைப் போலவே தோன்றும். ஆனால் அந்த வண்டிக்காரர்கள் பெரிய டர்போ, பெரிய இன்ஜெக்டர் (டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் முனை), டீசல் அளவைக் கூட்டிவைத்த பம்ப், வலுவான வால்வு ஸ்பிரிங் எல்லாவற்றையும் மாற்றிய பிறகு, அவ்வளவு எரிபொருளுக்கு ஈடான காற்று உள்ளே போகவும் புகைபோக்கியின் சூடு கட்டுக்குள் இருக்கவும் வேண்டும் என்பதற்காகவே கேமுக்கு வருகிறார்கள். கனமான டிரெய்லரை இழுத்துக்கொண்டு அகலமான நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓடும் வண்டிகள் அவை. டர்போவே இல்லாத உங்கள் எஞ்சினில் அந்தத் தேவை எழவில்லை.

பெட்ரோல் எஞ்சினில் திராட்டில் தகடு காற்றைக் கட்டுப்படுத்துகிறது. பழைய டீசல் எஞ்சினில் பெரும்பாலும் அப்படி ஒரு தகடு கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் சிலிண்டர் தன்னால் இழுக்க முடிந்த காற்றை எல்லாம் இழுத்துக்கொள்கிறது, சக்தியைத் தீர்மானிப்பது பம்ப் அனுப்பும் டீசலின் அளவுதான். வால்வை அதிக நேரம் திறந்துவைக்கும் கேம், காற்று நிரம்புவதை வேகமான சுற்றுகளில்தான் மேம்படுத்தும். உங்கள் பம்பிலுள்ள, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரோ நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுக்கும் நாலாயிரம் சுற்றுக்கும் இடையில் எங்கோ டீசலை வெட்டிவிடும். ஆகவே அந்தக் கேம் தன் பலனைக் காட்டத் தொடங்கும் இடத்துக்கு எஞ்சின் போய்ச் சேரவே சேராது.

நஷ்டம் கீழ்ச் சுற்றுகளில் வருகிறது. பழைய டீசல் எஞ்சின்களில் பிஸ்டன் கீழே போய்த் திரும்பிய பிறகு கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சுழற்சிக் கணக்கில் சுமார் 35 முதல் 50 பாகைக்குள், காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வு மூடிக்கொள்வது வழக்கம். கூடுதல் நேரம் திறந்திருக்கும் கேமில் அது இன்னும் தாமதமாக மூடும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது, மேலேறும் பிஸ்டன் உள்ளே வந்த காற்றின் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். அழுத்தப்படும் காற்று குறைந்தால் அதன் சூடும் குறையும். டீசல் தீப்பிடிப்பதே அந்தச் சூட்டினால்தான். விடியற்காலை மூன்று மணிக்கு ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகையும் இழுபறியும் வரும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பின்னால் ஊர்ந்து, நிறுத்தி, மீண்டும் நகர்த்த வேண்டிய உங்கள் ஓட்டத்துக்குத் தேவையானது 1,500 சுற்றில் கிடைக்கும் இழுவை. அந்தக் கேம் பறித்துக்கொள்வது அதைத்தான்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. டீசல் எஞ்சினின் அழுத்த விகிதம் அதிகம் என்பதால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது அதற்கும் ஹெட்டுக்கும் (சிலிண்டர்களின் மேல்மூடி) உள்ள இடைவெளி பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். எரிந்த வாயுவை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு மூடிக்கொண்டும் இன்லெட் வால்வு திறந்துகொண்டும் இருக்கும் அந்தத் தருணத்தில், கேம் வால்வைச் சற்றே கூடுதலாக இறக்கினாலும் பிஸ்டன் வால்வின் தலையில் மோதும். புஷ் ராடு வளைவதோடு நின்றால் அது அதிர்ஷ்டம்; வால்வு முறிந்து சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டன், லைனர், ஹெட் மூன்றும் போய்விடும். பிஸ்டன் மேல் களிமண் போன்ற பிளாஸ்டிசின் வைத்து, ஹெட்டை மாட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, கழற்றி, நசுங்கிய தடிமனை அளக்காமல் எந்த வேற்று வடிவக் கேமையும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. இந்த அளவீட்டை ‘தேவையில்லை, ஓடும்’ என்று சொல்லித் தவிர்க்கும் எவரிடமும் எஞ்சினைக் கொடுக்காதீர்கள்.

இனி, தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். டேப்பெட் இடைவெளியைச் சரிசெய்யும்போது வால்வு முழுக்க மூடியிருக்கும். அதாவது டேப்பெட், கேமின் வட்டமான அடிப்பகுதியின் மேல் உட்கார்ந்திருக்கும். தேய்வதோ வால்வைத் திறக்கும் மேட்டின் உச்சி. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் அந்த உச்சியைத் தொடுவதே இல்லை என்பதால், மேடு ஒரு மில்லிமீட்டர் கரைந்துபோயிருந்தாலும் இடைவெளி சரியாகவே காட்டும். இரண்டு முறை சரிசெய்தும் மாற்றம் இல்லாமல் போனதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். கேம் மேடு புஷ் ராடைத் தூக்கும் உயரம் 6.5 மில்லிமீட்டர், ராக்கரின் விகிதம் ஒன்றரை என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், வால்வு 9.75 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். மேடு ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் வால்வு ஒன்றரை மில்லிமீட்டர் குறைவாகத் திறக்கும். அந்த ஒரு சிலிண்டர் மூச்சுத் திணறியபடிதான் வேலை செய்யும்.

அளப்பதற்கு ஹெட்டை இறக்க வேண்டியதில்லை. வால்வு மூடியைத் திறந்து, ராக்கர் ஷாஃப்டைக் கழற்றி, ஒரு புஷ் ராடின் மேல் முனையில் டயல் கேஜை (நுண்ணிய நகர்வை அளக்கும் முள் கருவி) நிறுத்தச் சொல்லுங்கள். இன்ஜெக்டர்களையும் கழற்றிவிட்டால் அழுத்தம் தடுக்காது. கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றலாம். எட்டுப் புஷ் ராடுகளும் எழும் உயரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, நான்கு இன்லெட் அளவுகளைத் தமக்குள்ளும், நான்கு எக்ஸாஸ்ட் அளவுகளைத் தமக்குள்ளும் ஒப்பிட வேண்டும். இரண்டு வகை மேடுகளும் வடிவில் வேறுபடலாம் என்பதால் ஒன்றையொன்று கலக்கக் கூடாது. ஏதேனும் ஒன்று மற்றவற்றைவிடக் கால் மில்லிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால், கேம் மாற்ற வேண்டிய கட்டத்துக்கு வந்துவிட்டது என்றே நான் கொள்வேன். எட்டும் சமமாக இருந்தாலும், தயாரிப்பாளரின் கையேட்டு அளவோடு ஒரு முறை ஒப்பிட்டுவிடுங்கள். எல்லாம் சேர்ந்தே தேய்ந்திருக்கவும் கூடும். எண்ணூரில் லாரியும் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிளும் 1950-களிலிருந்து தயாரான பகுதி இது. டயல் கேஜ் பிடிக்கத் தெரிந்த கைகளுக்கு வடசென்னையில் பஞ்சமில்லை. கேட்டு வாங்குவதுதான் வண்டிக்காரரின் பொறுப்பு.

கழற்றாமலேயே கவனிக்கக்கூடிய அடையாளமும் ஒன்று உண்டு. எக்ஸாஸ்ட் மேடு தேய்ந்தால் எரிந்த வாயு முழுதாக வெளியேறாமல் தங்கி, இன்லெட் வால்வு திறந்ததும் பின்னோக்கிப் பாயும். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிப் பாருங்கள். தாளம் தவறாமல் ‘புஸ்’ என்ற ஓசை வந்தாலோ, குழாயின் உட்புறத்தில் கரி படிந்திருந்தாலோ சந்தேகம் வலுவாகிறது.

கேமைத் தொடுவதற்கு முன் ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், இன்ஜெக்டர் அழுத்தம், பம்பின் டைமிங், கிளட்ச் வழுக்கல், சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் பிரேக் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். மணலி, எண்ணூர்த் தூசியில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டர் மட்டுமே காரணமாக இருந்து நான் பார்த்திருக்கிறேன். சிலிண்டர்களுக்கிடையே கம்ப்ரஷன் பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் ரிங், வால்வு பக்கமும் பார்க்க வேண்டியிருக்கும். ஒன்று மட்டும் வேண்டாம்: இழுவை குறைந்ததற்கு ஈடாகப் பம்பைக் கூட்டி வைக்கச் சொல்லாதீர்கள். காற்று போதாத சிலிண்டருக்கு மேலும் டீசல் கொடுத்தால் கரும்புகையும் கூடுதல் சூடும்தான் கிடைக்கும்.

கேள்வி: கேம் ஷாஃப்டை மாற்றினால் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழ்) பதிய வேண்டுமா? எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காட்டும்போது சிக்கல் வருமா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: தயாரிப்பாளர் குறிப்பிட்ட அதே வடிவக் கேமைப் போடுவது பழுதுபார்ப்பு, பதிய வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எஞ்சினின் தன்மையையே மாற்றும் நோக்கத்தோடு வேறு கேம் போடுவது அந்த எல்லையை நோக்கி நகர்வதாகும். நடைமுறையில் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் புகைச் சோதனை. பி.எஸ்.4 என்னும் மாசுக் கட்டுப்பாட்டு விதிக்கு முந்தைய டீசல் வண்டிகளுக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு (புகையின் அடர்த்தி அளவு) வரம்பு, பி.எஸ்.4 வண்டிகளுக்கு 50. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு எஃப்.சி. ஆண்டுதோறும் வருகிறது என்பதால், கூடுதலாகப் புகை தள்ளும் எஞ்சினை வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஆண்டும் தவிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: என் பிக்கப்பில் இரண்டு எக்ஸாஸ்ட் மேடுகள் தேய்ந்திருப்பதை மெக்கானிக் காட்டினார். புதிய கேம் வாங்குவதா, பழையதையே கிரைண்டிங் செய்வதா, புதுப்பேட்டையில் பழைய எஞ்சினிலிருந்து எடுத்த கேம் போதுமா? பழைய டேப்பெட்டுகளையே போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். பொருத்தும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: புதிய கேமும் புதிய டேப்பெட்டும் சேர்த்து வாங்குங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். தட்டையாகத் தோன்றும் டேப்பெட்டின் அடிப்பகுதி உண்மையில் மிக லேசாகக் குவிந்திருக்கும். கேமின் மேடும் ஒரு பக்கமாக மிக லேசாகச் சரிந்திருக்கும். இந்த இரண்டாலும்தான் டேப்பெட் தன் துளைக்குள் சுழன்றுகொண்டே மேலும் கீழும் போகிறது, தேய்மானம் ஓரிடத்தில் விழாமல் பரவுகிறது. பழைய டேப்பெட்டின் அடி, பழைய மேட்டின் மேல் ஓடி ஓடிப் பள்ளமாகியிருக்கும். அதைப் புதிய கேமின் மேல் வைத்தால் சுழலாமல் நின்று, சில நூறு கிலோமீட்டருக்குள்ளேயே புதிய மேட்டை அரைத்துவிடும். பழைய எஞ்சினிலிருந்து எடுத்த கேமுக்கும் இதே காரணத்தால் நான் சம்மதிக்க மாட்டேன்.

கிரைண்டிங் செய்த கேம், புதியது கிடைக்கவே கிடைக்காத எஞ்சினுக்கு மட்டும் ஏற்றது. மேட்டின் மேற்பரப்பில் கடினமாக்கப்பட்ட படலம் குறிப்பிட்ட ஆழம் வரைதான் இருக்கும். அதற்குக் கீழே அரைத்தால் மென்மையான உலோகம் வெளிப்படும். வட்டமான அடிப்பகுதியும் சிறுத்துவிடுவதால், ராக்கரின் திருகு அந்தக் குறையை ஈடுகட்டும் அளவுக்கு நீளுமா என்றும் பார்க்க வேண்டும்.

கேமை வெளியே எடுக்கும்போதே அதைத் தாங்கும் புஷ்களையும் (பேரிங் வளையங்கள்; புஷ் ராடு அல்ல), முனையில் கேம் முன்பின் நகராமல் தடுக்கும் தகட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் புஷ் தேய்ந்திருந்தால் ஆயில் அழுத்தம் அங்கேயே கசிந்து குறையும். சில எஞ்சின்களில் டேப்பெட்டைக் கீழ்ப்பக்கமாகத்தான் எடுக்க முடியும், எஞ்சினையே இறக்க வேண்டியிருக்கும் என்பதால், கூலியைப் பேசும் முன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. கிராங்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் கியரின் குறிகளைச் சேர்ப்பதில் அவசரமே கூடாது. கேம் கியரில் 50 பற்கள் என்று கொண்டால், ஒரு பல் தவறினாலே கிராங்க் கணக்கில் 14.4 பாகை விலகிவிடும். பிஸ்டனும் வால்வும் சந்தித்துக்கொள்ள அது தாராளமாகப் போதும். குறிகளைச் சேர்த்த பிறகு, இன்ஜெக்டர் இல்லாமலே கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி எங்கும் தட்டவில்லை என்று உறுதிசெய்த பின்புதான் ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும்.

புதிய கேமின் ஆயுளை முதல் இருபது நிமிடங்களே தீர்மானிக்கின்றன. மேடுகளிலும் டேப்பெட்டின் அடியிலும் மாலிப்டினம் கலந்த பூச்சைத் தடவி, பம்பில் காற்றை முன்கூட்டியே வெளியேற்றி, ஸ்டார்ட்டரை வெகுநேரம் சுழலவிடாமல் எஞ்சின் உடனே பிடிக்கும்படி செய்யுங்கள். பிடித்ததும் ஐட்லிங்கில் விடாமல், லோடு இல்லாமல், 1,500 முதல் 2,000 சுற்றுக்குள் ஏற்றி இறக்கி அந்த இருபது நிமிடமும் ஓட்ட வேண்டும். கேமின் மேட்டுக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் தெறிப்பதால்தான் வருகிறது. ஐட்லிங்கில் அந்தத் தெறிப்பு போதாது. பழைய கேம் தேய்ந்ததற்கும், துறைமுக வாசலில் எஞ்சினை அணைக்காமல் நெடுநேரம் வரிசையில் நிற்கும் வழக்கத்துக்கு ஒரு பங்கு இருக்கக்கூடும். ஆயிலில் சேரும் டீசல் கரியும் மேட்டை உப்புத்தாள் போல அரைக்கும் என்பதால், நீண்ட ஐட்லிங் உள்ள வண்டிக்கு ஆயிலைக் கையேட்டில் உள்ள தூரத்துக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். சி.ஐ.4 (டீசல் ஆயிலின் தரக் குறியீடு) அல்லது அதற்கு மேற்பட்ட தரமுள்ள, 15 டபிள்யூ 40 தடிமன் குறியீடு கொண்ட டீசல் எஞ்சின் ஆயிலைப் பயன்படுத்துங்கள். பெட்ரோல் கார் ஆயிலை ஊற்றாதீர்கள். பொருத்திய பின் ஐந்நூறு கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்து, மடிப்புகளில் உலோகத் தூள் மின்னுகிறதா என்று பார்த்து, அன்றே டேப்பெட் இடைவெளியையும் மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள்.