இரட்டைக் கர்ப்பமா? நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா என்று கேளுங்கள்

இந்த முறை இரட்டைக் கர்ப்பம் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எல்லாமே வடசென்னையிலிருந்து வந்தவை.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘எம்.சி.டி.ஏ.’ என்று போட்டிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் என்கிறார் டாக்டர். என் நாத்தனாருக்கும் இரட்டைதான்; அவர் இவ்வளவு ஸ்கேன் எடுக்கவில்லையே?
- வாசகி, தண்டையார்பேட்டை

உங்கள் நாத்தனாருக்கு அநேகமாக நஞ்சுக்கொடி இரண்டு இருந்திருக்கும். ‘எம்.சி.டி.ஏ.’ என்றால் இதுதான்: உங்களுக்கு நஞ்சுக்கொடி ஒன்றுதான், பனிக்குடம் மட்டும் குழந்தைக்கு ஒன்று. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இப்படித்தான் வளர்கிறார்கள்.

நஞ்சுக்கொடி ஒன்றாக இருந்தால், இரு குழந்தைகளின் இரத்தக் குழாய்களும் அதில் அங்கங்கே இணைந்திருக்கும். அதற்காகப் பயப்பட வேண்டாம், கிட்டத்தட்ட எல்லோருக்கும் உள்ளதுதான். தமனியும் தமனியும் சேரும் இடத்தில் இரத்தம் இரு பக்கமும் போய்வரும், கணக்கு நேராகிவிடும். ஒரு குழந்தையின் தமனியில் வந்த இரத்தம் மற்றதன் சிரைக்குள் போகும் இணைப்பு மட்டும் ஒருவழிப்பாதை. இவை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டால் ஒரு குழந்தை கொடுத்துக்கொண்டே இருக்கும், மற்றது வாங்கிக்கொண்டே இருக்கும். ட்வின்-டு-ட்வின் ட்ரான்ஸ்ஃப்யூஷன் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். உங்களைப் போன்றவர்களில் 100-க்கு 10 முதல் 15 பேருக்கு வரும், பெரும்பாலும் 16-லிருந்து 26 வாரத்துக்குள். தொடக்கத்தில் தாய்க்கு ஒன்றுமே தெரியாது. அதனால்தான் 16-வது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். செலவு கையைக் கடித்தால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மருத்துவமனையில் பதிவு செய்துகொள்ளுங்கள். இடைவெளியை மட்டும் நீட்டாதீர்கள்.

இரட்டை வாழைப்பழம் சாப்பிட்டதால் வந்தது என்கிறார் மாமியார். ஒரு குழந்தை எடை குறைவாக இருப்பதற்கும் நான் சரியாகச் சாப்பிடாததுதான் காரணமாம்.
- வாசகி, கொருக்குப்பேட்டை

வாழைப்பழத்தை விட்டுவிடுங்கள், பாவம். சாப்பாடும் காரணமில்லை. நீங்கள் சாப்பிட்டது இரண்டுக்கும்தானே போகிறது? ஒரே நஞ்சுக்கொடியில் ஒன்றுக்குப் பெரிய பங்கும் மற்றதற்குச் சிறிய பங்கும் கிடைத்திருக்கலாம். எடை வித்தியாசம் 25 சதவீதத்தைத் தாண்டினால் டாப்ளர் (இரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) பார்த்துத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். மாமியாரையும் ஒருமுறை ஸ்கேனுக்கு அழைத்துப் போங்கள்.

எனக்கு 19 வாரம். ஒரு குழந்தைக்குப் பனிக்குட நீரின் ஆழம் 9 செ.மீ., மற்றதற்கு 1.5. சின்னக் குழந்தையின் சிறுநீர்ப்பை தெரியவில்லையாம். உடனே லேசர் என்கிறார்கள். கணவர் விசைப்படகில் போயிருக்கிறார், திரும்ப ஒரு வாரம் ஆகும். அதுவரை பொறுக்கலாமா?
- வாசகி, காசிமேடு

பொறுக்க வேண்டாம். ஃபீட்டல் மெடிசின் டாக்டரை, அதாவது வயிற்றிலுள்ள குழந்தைக்கு வைத்தியம் பார்ப்பவரை, இன்றோ நாளையோ பார்த்துவிடுங்கள். சட்டப்படி உங்கள் கையெழுத்தே போதும்.

முதல் பதிலில் சொன்ன ட்வின்-டு-ட்வின் ட்ரான்ஸ்ஃப்யூஷன்தான் உங்கள் ஸ்கேனில் தெரிகிறது. வாங்கும் குழந்தைக்கு இரத்தம் அதிகம். அது சிறுநீராக வெளியேறிப் பனிக்குடம் நிரம்புகிறது. அதன் இதயத்துக்கும் அது பாரம். கொடுக்கும் குழந்தைக்குச் சிறுநீரே குறைவு. நிரம்பிய சிறுநீர்ப்பை திரையில் கறுப்பு வட்டமாகத் தெரியும். உங்கள் குழந்தைக்கு அது இல்லை. நீர் வற்றினால் பனிக்குடச் சவ்வு ஈரத்துணி போல் உடம்பில் ஒட்டிக்கொள்ளும், குழந்தை அசையாமல் கர்ப்பப்பைச் சுவரோரம் கிடக்கும். 8 செ.மீ.-க்கு மேல் ஒன்று, 2-க்குக் கீழ் மற்றொன்று, சிறுநீர்ப்பையும் காணோம் என்றால் இரண்டாம் நிலை. சிகிச்சை இல்லாமல் விட்டால் பெரும்பாலும் இரண்டுமே தங்குவதில்லை.

லேசரில், சில மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயைத் தாயின் வயிற்று வழியே செலுத்தி, இணைப்புக் குழாய்களை ஒவ்வொன்றாகச் சுட்டு அடைப்பார்கள். வயிற்றைக் கிழிப்பதில்லை. அதிக நீரையும் எடுத்துவிடுவார்கள். நீரை மட்டும் எடுத்துப் பார்ப்போமே என்று யாராவது சொன்னால், அது காரணத்தைத் தொடாது. இரண்டையும் ஒப்பிட்ட 2004-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆய்விலும் லேசரே மேலாக இருந்தது. இன்று லேசர் செய்தால் ஒரு குழந்தையாவது பிழைப்பது 100-க்கு 85-க்கு மேல். இரண்டும் பிழைப்பது சுமார் 65. பனிக்குடம் முன்கூட்டியே உடைவது, குறைமாதப் பிரசவம் ஆகிய ஆபத்துகள் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். சென்னையிலேயே இந்தச் சிகிச்சை கிடைக்கிறது.

ஆணா பெண்ணா என்று சொல்ல மறுக்கிறார்கள். அது தெரியாமல் ஒரே நஞ்சுக்கொடியா என்று எப்படி அறிவது?
- வாசகர், வியாசர்பாடி

1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலினம் சொல்வது குற்றம். அது தேவையும் இல்லை. 11-லிருந்து 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில், பனிக்குடங்களை இரண்டாகப் பிரிக்கும் சவ்வு நஞ்சுக்கொடியைத் தொடும் இடத்தைப் பார்ப்பார்கள். மெல்லியதாக நேரே இறங்கினால் ஒன்று. அடியில் முக்கோணமாகத் தடித்திருந்தால் இரண்டு. வாரம் ஏற ஏற இந்த அடையாளம் மங்கிவிடும். ரிப்போர்ட்டில் எழுதவில்லை என்றால் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

நார்மல் டெலிவரி ஆகுமா? எங்கே பார்ப்பது நல்லது?
- வாசகி, எண்ணூர்

ஒரே நஞ்சுக்கொடி, தனித்தனிப் பனிக்குடம், சிக்கல் எதுவும் இல்லை என்றால் 36-37 வாரத்தில் பிரசவம் பார்ப்பது வழக்கம். முதல் குழந்தையின் தலை கீழே இருந்தால் நார்மலுக்கு முயலலாம். பனிக்குடமும் ஒன்றே என்றால் 32-லிருந்து 34 வாரத்துக்குள் சிசேரியன். இரண்டு பச்சிளம் குழந்தைகளுக்கும் தீவிர சிகிச்சை இருக்கும் இடமாகப் பாருங்கள். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நேரம் உங்களுக்கே தெரியும். கடைசி மாதத்தில் ராயபுரம் பக்கம் சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே தங்கிக்கொள்ளுங்கள். வயிறு திடீரென்று பெருத்து இறுகினாலோ மூச்சு வாங்கினாலோ, அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.