டேம்பரில் விசையும் மட்டமும்

கேள்வி: சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். காப்பிக்கடை நடத்தும் நண்பர், எஸ்பிரெசோ இயந்திரத்தின் கூடையில் தூளை அழுத்தும் டேம்பரை, யார் பிடித்து அழுத்தினாலும் ஒரே அழுத்தம் விழும்படி செய்து தரச் சொல்கிறார். எப்படி அமைக்கலாம்?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: காப்பிக்கடைகளில் சொல்லப்படும் 15 கிலோ அழுத்தம் என்பது வழக்கமே தவிர விதியன்று. 58 மி.மீ. விட்டமுள்ள கூடையில் 9 பார் அழுத்தத்தில் வெந்நீர் இறங்கும்போது, தூளின் மேல் ஏறத்தாழ 240 கிலோ எடைக்கு நிகரான விசை விழுகிறது; அதன் முன்னே, கை கொடுக்கும் 12 கிலோவுக்கும் 15 கிலோவுக்கும் உள்ள வேறுபாடு சிறியது. ஆனால் தூள் ஒருபுறம் சாய்ந்து அழுந்திவிட்டால், நீர் மெலிந்த பக்கமாக வழி பிளந்துகொண்டு ஓடிவிடும். அப்படி இறங்கிய காப்பியில் புளிப்பும் கசப்பும் ஒருசேர நிற்கும். எனவே விசையைச் சீராக்கும்போதே மட்டத்தையும் காக்கும் கருவியைச் செய்யுங்கள்.

கைப்பிடிக்குக் கீழே, கூடையின் விளிம்பில் முழுவதும் படிந்து உட்காரும் ஒரு வளையத்தை அமையுங்கள். அதன் நடுவே, சுருள்வில்லால் தள்ளப்படும் அடித்தட்டு நேராக ஏறியிறங்க வேண்டும். வளையம் விளிம்பைத் தொட்டபின் எவ்வளவு பலமாக அழுத்தினாலும், மிகுந்த விசை விளிம்புக்கே போய்விடும். தூளுக்குக் கிடைப்பது வில்லின் விசை மட்டுமே.

வில்லைத் தேர்ந்தெடுப்பதில்தான் கருவியின் உயிர் இருக்கிறது. ஒரு மி.மீ. அமுங்க 5 கிலோ கேட்கும் விறைப்பான வில்லைப் போட்டால், தூள் ஒரு கிராம் கூடி அதன் உயரம் முக்கால் மி.மீ. அளவு ஏறினாலே விசை 4 கிலோவுக்கு அருகில் மாறிவிடும். அதற்குப் பதிலாக, ஒரு மி.மீ.க்கு ஒரு கிலோ கேட்கும் நீளமான வில்லை எடுத்து, உள்ளே பொருத்தும்போதே 13 மி.மீ. அமுக்கிப் பூட்டிவிட்டால், மேலும் 2 மி.மீ. அமுங்குகையில் 15 கிலோ கிடைக்கும். அதே ஒரு கிராம் வேறுபாட்டுக்கு விசை ஒரு கிலோ கூட மாறாது. வளையத்தைத் திருகுமரையில் ஏற்றி இறக்கும்படி வைத்தால், வெவ்வேறு ஆழமுள்ள கூடைகளுக்கும் அதே டேம்பர் பொருந்தும்.

அடித்தட்டைத் துருப்பிடிக்காத எஃகில், அடி தட்டையாகக் கடையுங்கள். கூடையின் உள்விட்டத்தை வாய்ப்பகுதியில் அளக்காமல், தூள் நிற்கும் ஆழத்தில் வெர்னியரால் அளப்பது அவசியம், ஏனெனில் பல கூடைகள் கீழ்நோக்கிச் சற்றே குறுகுகின்றன. அந்த அளவிலிருந்து கால் மி.மீ. குறைத்தால் போதும், அதற்கு மேல் குறைத்தால் ஓரத்தில் அழுந்தாத தூள் வளையமாக நின்றுவிடும்.

கேள்வி: எடைத் தராசின் மேல் அழுத்திப் பழகினாலே கை சரியாகிவிடாதா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: வீட்டில் நாளுக்கு இரண்டு கோப்பை போடுபவருக்கு அது போதும், நான் மறுக்கவில்லை. கடையில் நூறாவது கோப்பைக்குள் மணிக்கட்டு தளர்ந்துவிடும், மேடையின் உயரம் மாறினால் தோளின் கோணமும் மாறும். ஆனாலும் தராசைத் தூக்கி வைத்துவிடாதீர்கள். சுருள்வில் நாள்பட இளகக்கூடும் என்பதால், வில் வைத்த டேம்பரின் அடித்தட்டை மாதம் ஒருமுறை தராசில் வைத்து மெல்ல அழுத்தி, எத்தனை கிலோவில் அது அசையத் தொடங்குகிறது என்று குறித்து வாருங்கள்.