உள்ளாட்சியின் டிஜிட்டல் தயார்நிலையை ஆராய்ந்தால் வேலை கிடைக்குமா?

பொருளாதார முதுகலை படிக்கும் உங்கள் மகள், உள்ளாட்சிகளின் டிஜிட்டல் தயார்நிலையும் (அதாவது சேவைகளை இணையவழியில் தர அவை எவ்வளவு தயார் என்பது) வட்டாரப் பொருளாதாரமும் என்ற தலைப்பை ஆய்வுக்கு எடுத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். எந்த அலுவலகத்தில் எத்தனை கணினி என்று எண்ணிக்கொண்டிருந்தால் யார் வேலை கொடுப்பார்கள் என்பது உங்கள் கவலை. எண்ணுவதோடு நின்றுவிட்டால் அந்தக் கவலை சரிதான். நிற்காமல் போனால், இன்று தரவு சார்ந்த வேலைகளில் தேடப்படும் திறமைகளில் பாதியை இந்த ஒரு தலைப்பே கற்றுக்கொடுத்துவிடும்.

முதலில் அளவீடு. ஐ.நா. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மின்னாளுகை (இணையவழி அரசு நிர்வாகம்) அறிக்கை வெளியிடுகிறது. இணையச் சேவை, தொலைத்தொடர்புக் கட்டமைப்பு, மனித வளம் மூன்றையும் சேர்த்து நாடுகளுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். 2018இல் நகர நிர்வாகங்களுக்கும் தனிக் குறியீடு தொடங்கினார்கள், முதலில் 40 நகரங்களுக்கு. அதில் பெரும்பாலும் நகரத்தின் இணையதளத்தைத்தான் வெளியிலிருந்து பார்த்து மதிப்பிடுகிறார்கள். இணையத்தில் வந்த விண்ணப்பத்தை உள்ளே ஒருவர் அச்செடுத்து, கோப்பில் கட்டி, மேசை மேசையாக அனுப்புகிறாரா என்பது அந்த மதிப்பெண்ணில் தெரியாது. அந்த இடைவெளியை அளக்க மகள் ஒரு வழி கண்டுபிடித்தால், அது மதிப்புள்ள வேலை. பல அளவுகளை ஒரே குறியீட்டெண்ணாகச் சேர்ப்பதற்கு பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பான ஓஇசிடியும் ஐரோப்பிய ஆணையமும் 2008இல் வெளியிட்ட கையேடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை முதலில் படிக்கட்டும்.

அடுத்து வருவதுதான் கடினமான பகுதி. டிஜிட்டலில் முன்னேறிய உள்ளாட்சி இருக்கும் வட்டாரம் பெரும்பாலும் வசதியாகவும் இருக்கும். நல்ல சேவையால் வசதி வந்ததா, வசதி இருந்ததால் நல்ல சேவை வந்ததா? இதைப் பிரித்துச் சொல்லாத ஆய்வுக்கு மதிப்பு குறைவு. தொழில் உரிமத்தை இணையத்தில் தரும் முறை ஒவ்வோர் ஊரிலும் வேறு வேறு ஆண்டில் தொடங்கியிருந்தால், முன்னும் பின்னும் என்ன மாறியது என்று பார்த்து, அதே காலத்தில் அந்த முறை வராத ஊர்களோடு ஒப்பிடலாம். இந்த ஒப்பீட்டைச் சரியாகச் செய்யத் தெரிந்தவருக்கு சுகாதாரம், கல்வி, வங்கி என்று எந்தத் துறையிலும் இடமுண்டு.

சிறிய வட்டாரங்களுக்கு உள்நாட்டு உற்பத்திக் கணக்கு பல இடங்களில் கிடைக்காது. புதிதாகப் பதிவான தொழில்கள், சொத்து வரி வசூல், உரிமம் கிடைக்க ஆகும் நாட்கள் ஆகியவற்றை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். வெளிச்சம் கூடினால் பொருளாதார நடவடிக்கையும் கூடியிருக்கும் என்ற கணக்கில், செயற்கைக்கோள் எடுத்த இரவு வெளிச்சப் படங்களையும் பயன்படுத்துகிறார்கள். 2012இல் பொருளாதார அறிஞர்கள் ஹெண்டர்சன், ஸ்டோரிகார்ட், வீல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது பரவியது. ஆனால் தெருவிளக்கை எல்இடிக்கு மாற்றினாலே படத்தில் வெளிச்சத்தின் அளவு மாறிவிடும். பொருளாதாரம் அங்கேயேதான் இருக்கும். மகள் இதைக் கவனித்தாரா என்று கேட்டுப் பாருங்கள்.

வேலை பற்றி நேராகச் சொல்கிறேன். இந்தத் தலைப்பின் பெயரிலேயே வரும் பணியிடங்கள் குறைவு. புள்ளியியல் துறைகள், திட்ட அமைப்புகள், வளர்ச்சி வங்கிகள், கொள்கை ஆய்வு மையங்கள், அரசுக்கு மென்பொருள் செய்யும் நிறுவனங்கள் ஆகியவை பொருளளவியலும் (பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் ஆராயும் முறை) ஆர் அல்லது பைத்தான் என்ற கணினி மொழியும் தெரிந்தவர்களைத் தேடுகின்றன. ஆகவே பாடத் தேர்வில் இவை கட்டாயம் இருக்க வேண்டும். அப்புறம், விடுமுறையில் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர முடிந்தால் விட வேண்டாம். கோப்பு எங்கே தேங்குகிறது என்று அங்கே கண்ணால் பார்த்தவர் ஆய்வுக்காகத் தயாரிக்கும் கேள்விப் பட்டியல் வேறு தரத்தில் இருக்கும்.

இப்போதைக்கு நீங்கள் மகளிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தரவு கைக்கு வந்துவிட்டதா, இல்லை வரும் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? இந்தப் பருவத் தேர்வுக்குள் வரவில்லையென்றால் தலைப்பைக் கைவிட வேண்டியதில்லை, சுருக்கினால் போதும். ஒரே ஒரு சேவை, பக்கத்துப் பக்கத்தில் உள்ள சில உள்ளாட்சிகள், ஐந்தாறு ஆண்டுப் பதிவுகள். வழிகாட்டிப் பேராசிரியரிடம் இதை இப்போதே பேசிவிடச் சொல்லுங்கள்.