‘ஃபைஸ்டி’ என்றால் பாராட்டா?

அன்புள்ள ஐயா,

என் மகள் சிகாகோவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். வருடாந்திர மதிப்பீட்டில் அவளுடைய மேலாளர் அவளை ‘ஃபைஸ்டி’ என்று எழுதியிருக்கிறார். அகராதியில் ‘துடிப்பான’ என்றிருக்கிறது. எனக்கு மகிழ்ச்சிதான். அவளோ கடுங்கோபத்தில் இருக்கிறாள். இதில் கோபப்பட என்ன இருக்கிறது?

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

அகராதி பொருளைச் சொல்லும். அச்சொல்லை யாரைப் பார்த்துச் சொல்வார்கள் என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. ஃபைஸ்டியின் சங்கதியெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

ஆங்கிலச் செய்திகளைக் கவனியுங்கள். எண்பது வயதுப் பாட்டி ஃபைஸ்டி. ஐந்தடி உயரப் பெண் வழக்கறிஞர் ஃபைஸ்டி. பலமான அணியிடம் விடாமல் மல்லுக்கட்டும் சின்ன அணி ஃபைஸ்டி. ஆறடி உயரத்தில் நின்று அதட்டும் ஆண் மேலதிகாரிக்கு அந்தச் சொல் கிடைப்பது அரிது. அவர் ‘உறுதியானவர்’ ஆகிவிடுவார். ‘கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது’ என்கிறோமே, அதே கதைதான். காரத்தைப் புகழுமுன் கடுகு என்று சொல்லியாகிவிட்டது.

பிறப்பும் அப்படி. அமெரிக்காவின் தென்பகுதியில் அணில் வேட்டைக்கு வளர்க்கும் சிறிய நாய்க்கு ஃபைஸ்ட் என்று பெயர். ஆபிரகாம் லிங்கன் 1840களில் கரடி வேட்டை பற்றி எழுதிய கவிதையில், உயரமான நாய் காற்றாய்ப் பாய, குட்டைக்கால் ஃபைஸ்ட் வெகுதூரம் பின்னால் குரைத்துக்கொண்டு வருகிறது. அந்தப் பெயருக்கு மூலமோ, குசு விடுவதைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். (இதை மகளிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.) 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாயின் சிலுப்பல் மனிதருக்கும் ஒட்டிக்கொண்டு ஃபைஸ்டி ஆனது.

மேலாளர் இத்தனையும் யோசித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. நடமாட்டம் குறையாத முதியவரை ‘ஸ்ப்ரை’ என்பவர்களும் பிரியமாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இருபது வயதுக்காரரை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

மதிப்பீடு என்பது ஊதிய உயர்வுக்கும் பதவி உயர்வுக்கும் போகிற காகிதம். அதில் குணச்சித்திரம் எதற்கு? கூட்டத்தில் தான் எதை எதிர்த்துப் பேசினேன், அதனால் எந்தத் தவறு தவிர்க்கப்பட்டது என்று எழுதித் தரும்படி உங்கள் மகள் மேலாளரிடம் கேட்கட்டும். நீங்களும் ‘துடுக்கானவள் என்றுதானே சொன்னார்’ என்று சமாதானம் சொல்லப் போகாதீர்கள். அதுதான் மிக நெருக்கமான மொழிபெயர்ப்பு. கோபம் உங்கள் பக்கம் திரும்பும்.